மல்பே தீவின் கல்தூண்கள்: படகுக்காரர் சொன்னது சரியா, மச்சான் சொன்னது சரியா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வந்து பத்து வருஷமாகப் பெங்களூரில் இருக்கும் ஒருவர் கேட்டது இது. தீபாவளி லீவில் குடும்பத்தோடு உடுப்பி போனவர், மல்பேயில் படகேறி செயின்ட் மேரீஸ் தீவையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அங்கே கட்டம் கட்டமாக நிற்கும் கல்தூண்களைக் காட்டி, "மடகாஸ்கர் ஒரு காலத்தில் இங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது" என்று படகுக்காரர் சொன்னாராம். கூடவே வந்த மச்சான், "இதெல்லாம் ராஜா காலத்தில் செதுக்கிப் போட்டது, கோட்டை கட்ட வைத்திருந்த கல்" என்றாராம். ஷிராடி மலைப்பாதை ஏறி பெங்களூர் வந்து சேரும்வரை இதே சண்டை. யார் சொன்னது சரி, எரிமலை என்றால் அதன் வாய் எங்கே, மறுபடி வெடிக்குமா, அடுத்த முறை வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

படகுக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் மச்சானை ரொம்பவும் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை அந்தத் தூண்களைப் பார்த்தபோது, நிலவியல் படித்த எனக்கே கை தானாக உளித்தழும்பைத் தேடியது. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். வீட்டில் பொம்மைக்குப் பதில் கல்தான் கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டே படித்து, பெங்களூரைச் சுற்றி நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது அல்சூரில் ஓய்வு. அந்தத் தீவுக்கு மட்டும் நாலு தடவை போயிருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. அது ஒரு தீவு இல்லை, ஒரு வரிசை. மல்பேயிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தள்ளி, கரைக்கு இணையாக வடக்கு தெற்காகத் தீவுகள் விட்டுவிட்டுக் கிடக்கின்றன. பெரியவை நான்கு: தென்னைத் தீவு, வடக்குத் தீவு, தரியா பகதூர்கட், தெற்குத் தீவு. சுற்றுலாப் படகு போவது தென்னைத் தீவுக்கு. மற்றவற்றில் பெரும்பாலும் பறவைகளும் பாறைகளும்தான். 'தரியா' என்றால் கடல், 'கட்' என்றால் கோட்டை. அங்கே ஒரு காலத்தில் கோட்டை இருந்ததால் வந்த பெயர். மச்சானுக்குக் கோட்டைக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் இதிலேயே தெரிகிறது.

உள்ளூரில் இந்தத் தீவுகளைத் 'தோன்சேபார்' என்பார்கள். தோன்சே என்பது எதிர்க்கரையில் இருக்கும் ஊர். இந்தப் பெயர் காதில் விழுந்ததும் எனக்குத் தூத்துக்குடி ஞாபகம்தான் வந்தது. அங்கே கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்றுதான் பெயர். முத்துக்குளித்த இடங்களெல்லாம் ஒவ்வொரு பார். மல்பே துறைமுகத்தில் குளச்சல் பக்கத்துப் படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பார் இல்லாட்டி மீன் ஏது சார்?" என்றார். அதற்குமேல் ஆராய்ச்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

தென்னைத் தீவு நீளவாக்கில் சுமார் 500 மீட்டர், அகலவாக்கில் 100 மீட்டர் இருக்கும். லால்பாக் தோட்டத்தை இருபது பங்கு போட்டால் ஒரு பங்கு. உயரமும் அப்படித்தான், கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டரைத் தாண்டாது. மூன்று மாடி வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தீவே காலுக்குக் கீழே இருக்கும். குடியிருப்பு கிடையாது. உடுப்பிப் பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, பெங்களூரைப் போல நாலு மடங்கு. கொட்டி என்ன பயன்? தேக்கி வைக்க மண் கொஞ்சம்தான், மீதி பாறை. விழுந்த மழை வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடும். அந்த மெல்லிய மண்ணிலும் தென்னை நிற்கிறதென்றால், உப்புக்காற்றுக்கு அசையாத மரம் என்பதால்தான்.

இனி தூண்களுக்கு வருவோம்.

மதுரைக்காரருக்குக் கண்மாய் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சித்திரை வைகாசியில் கண்மாய் வற்றி, கரம்பை மண் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா? ஈரம் போகப் போக மண் சுருங்குகிறது. சுருங்க இடம் வேண்டும். ஆனால் எல்லாப் பக்கமும் மண்ணே இழுத்துப் பிடித்திருக்கிறது. அப்புறம் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எரிமலைக் குழம்பு ஆறும்போதும் இதேதான் நடக்கிறது. அங்கே ஈரத்துக்குப் பதில் சூடு போகிறது, அவ்வளவுதான். பரந்து ஓடிய குழம்பு மேல்பக்கம் காற்றுபட்டும் அடிப்பக்கம் தரைபட்டும் ஆறத் தொடங்கும். ஆறிய பகுதி சுருங்கி வெடிக்கும். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். சூடு இறங்க இறங்க வெடிப்பும் அதன் பின்னாலேயே உள்ளே இறங்கும். கண்மாயில் ஒரு சாண் ஆழத்தோடு நின்றுவிடுகிற வெடிப்பு, இங்கே மீட்டர் கணக்கில் போய்விடுகிறது. மேலே பார்த்தால் பாளம், பக்கவாட்டில் பார்த்தால் தூண். உயரமான தூண்கள் 6 மீட்டர் வரை இருக்கின்றன.

அறுகோணம் எப்படி வந்தது? ஒரு புள்ளியில் இழுவிசை சமமாகத் தளர வேண்டுமென்றால் மூன்று வெடிப்புகள் 120 டிகிரி கோணத்தில் சந்திப்பதுதான் சிக்கனம். அப்படிப் புள்ளிக்குப் புள்ளி சந்தித்துக்கொண்டே போனால் நடுவே மிஞ்சுவது ஆறு பக்கக் கட்டம். தேன்கூட்டில் பார்க்கும் அதே வடிவம். ஆனால் இயற்கைக்கு ஸ்தபதியின் கறார் கிடையாது. ஒரு வெடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பக்கம் ஒன்று கூடும், ஒன்று குறையும். அதனால் மச்சானோடு அடுத்த தடவை போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். பத்துத் தூண்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். நடுவில் ஐந்து வரும், ஏழு வரும். கோட்டைக்குக் கல் செதுக்குகிறவன் எவனாவது ஒன்றுக்கு ஐந்து பக்கமும் பக்கத்துக் கல்லுக்கு ஏழு பக்கமும் வைப்பானா? இன்னொன்றும் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் ஒன்றின் முகத்தோடு இன்னொன்றின் முகம் அப்படியே பொருந்தும். நடுவே ஒரு தாளைச் செருகத்தான் இடம். தனித்தனியாகச் செதுக்கிக் கொண்டுவந்து அடுக்கிய கல்லில் இது வராது. ஒரே கல் வெடித்துப் பலவாக ஆனால்தான் வரும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கடையில் விற்கும் கார்ன்ஃப்ளவரை அதே அளவு தண்ணீரில் கரைத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. வேண்டாம், சூடு வராது. எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் இது ஆறு நாள் கிடந்தது. வீட்டம்மா அந்த ஆறு நாளும் என்னிடம் பேசிய தொனியை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாள் மேலே இரண்டு மூன்று பெரிய வெடிப்பு விட்டது, அவ்வளவுதானா என்று தோன்றியது. ஆறாம் நாள் கட்டியைக் கவிழ்த்து உடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடிப்பாகம் முழுக்க, தீக்குச்சியைக் காட்டிலும் கொஞ்சம் தடித்த வெள்ளைக் குச்சிகள், கட்டி வைத்த விறகுபோல நெருக்கமாக நின்றன. ஒன்றைப் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் பக்கங்களை எண்ணலாம். பேத்தி எண்ணினாள். "தாத்தா, இதுக்கு அஞ்சுதான் இருக்கு" என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். எனக்கோ அதைக் கேட்டுச் சந்தோஷம்.

இன்னொரு தகவலும் தூண்களில் ஒளிந்திருக்கிறது. தூண் எப்போதும், குழம்பு எந்தப் பரப்பின் வழியாகச் சூட்டை விட்டதோ அந்தப் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் வளரும். தரை சமமாக இருந்தால் தூண் நேராக நிற்கும். பரப்பு சரிந்திருந்தால் தூணும் சாய்ந்துகொள்ளும். தீவில் சில இடங்களில் தூண்கள் சாய்ந்து, சாத்திவைத்த மூங்கில் கட்டுபோல இருப்பதைப் படத்திலேயே பார்த்திருப்பீர்கள். அது விழுந்ததால் வந்த சாய்வாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பிறவியிலேயே அப்படி வளர்ந்ததாகவும் இருக்கலாம்.

கல்லின் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. யூடியூப் காணொளிகளில் எல்லாரும் 'பசால்ட்' என்கிறார்கள். நிலவியல் ஆய்வுகள் இதை ரயோலைட், ரயோடேசைட் வகை என்கின்றன. பெயர்ச் சண்டைக்காகச் சொல்லவில்லை. பசால்ட்டில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் தாதுப்பொருள், குறைவு. குழம்பு ரசம்போல ஓடும், ஆறினால் கன்னங்கரேலென்று இருக்கும். ரயோலைட்டில் சிலிக்கா அதிகம். கூழ்போல இறுகலாக நகரும், நிறமும் வெளிறியது. இந்தத் தூண் வடிவம் பசால்ட்டில் உலகம் முழுக்க உண்டு. வட அயர்லாந்தின் 'ராட்சதன் பாதை'யில் சுமார் 40,000 தூண்கள் இருக்கின்றன. மும்பை அந்தேரியில் கட்டடங்களுக்கு நடுவே மூச்சுத்திணறி நிற்கும் கில்பர்ட் குன்றும் அதே ரகம். இறுகலான ரயோலைட் வகையில் இவ்வளவு ஒழுங்காக அமைவது அபூர்வம். இந்தத் தீவை நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்ததற்கு இதுவும் காரணம்.

கில்பர்ட் குன்றைச் சொன்னதால் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அது தக்காண எரிமலைப் பாறை, வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். மகாராஷ்டிரத்தையே மூடிய அந்தப் பெரிய எரிமலைக் குழம்பு வெள்ளத்தின் ஒரு துளிதான் மல்பே தீவு என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. மல்பே தீவின் வயது சுமார் 8.8 கோடி ஆண்டுகள். தக்காணக் குழம்பு வெளியே வரும் முன்பே இந்தத் தூண்கள் ஆறி இரண்டு கோடி வருஷம் ஆகியிருந்தது. இரண்டும் வேறு வேறு சம்பவங்கள், காரணமும் வேறு.

அந்தக் காரணம்தான் படகுக்காரர் சொன்ன மடகாஸ்கர்.

தென் கண்டங்கள் எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்ததைப் பள்ளியில் படித்திருப்போம். அது ஒரே நாளில் சிதறவில்லை. பாகப்பிரிவினை மாதிரி ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். முதலில் இந்தியா, மடகாஸ்கர், சீஷெல்ஸ், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரே கட்டாக ஆப்பிரிக்காவை விட்டு விலகின. அப்புறம் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் இந்தியாவின் கிழக்குப் பக்கத்தைவிட்டுப் பிரிந்தன. வங்காள விரிகுடா பிறந்தது அப்போதுதான். மடகாஸ்கர் மட்டும் நம் மேற்குப் பக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஒட்டும் விட்டது. சீஷெல்ஸ் கடைசியாக, தக்காண எரிமலைக்குப் பிறகு, சுமார் 6.3 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகியது. ஆகவே நம் கிழக்குக் கடல் அக்கா, மேற்குக் கடல் தங்கை.

நிலம் கிழியும்போது அடியிலிருந்து சூடான பொருள் மேலே வந்துவிடும். துணி கிழிந்தால் ஓரத்தில் நூல் பிசிர் நிற்கும் இல்லையா, மல்பே தீவை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். கிழிசலின் ஒரு ஓரத்தில் ஒட்டிய பிசிர். மறு ஓரத்துப் பிசிர் மடகாஸ்கரில் இருக்கிறது. அங்கே கிழக்குக் கரையோரமும் தெற்கிலும் அதே காலத்து எரிமலைப் பாறைகள் ஏராளம், இங்கே இருப்பதைவிடப் பல மடங்கு. நம் பக்கத்திலும் தீவு மட்டும் இல்லை. கர்நாடகத்தின் உள்பகுதியிலும் கேரளத்திலும் பழைய பாறையைப் பிளந்துகொண்டு சுவர்போல ஏறி நிற்கும் கருங்கல் பாறைகளில் சிலவற்றுக்கு இதே வயதுதான். எங்கள் பாஷையில் 'டைக்' என்போம்.

வெறும் வயதை மட்டும் வைத்து ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. குழம்பு ஆறும்போது அதிலிருக்கும் இரும்புத் தாதுக்கள், அந்த நேரத்துப் பூமியின் காந்தப் புலத்தைத் திசைகாட்டி முள்போல உள்ளே பதித்துக்கொள்கின்றன. கல் இறுகியதும் முள் உறைந்துவிடும். மல்பேயின் கல்லிலும் மடகாஸ்கரின் கல்லிலும் பதிந்ததைப் படித்து, நிலங்களைத் திருப்பிப் பொருத்திப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. அடிப்பாறையும் சாட்சி சொல்கிறது. வடகிழக்கு மடகாஸ்கரில் அன்டோங்கில் விரிகுடாவைச் சுற்றியிருக்கும் மிகப் பழைய நைஸ் பாறைகள் (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய கல்), நம் கர்நாடக நைஸோடு வயதிலும் குணத்திலும் ஒத்துப்போகின்றன. வரைபடத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மடகாஸ்கரின் கிழக்குக் கரை அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருக்கும். நம் மேற்குக் கரையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மல்பேயிலிருந்து மடகாஸ்கரின் வடமுனைக்கு இன்று சுமார் 4,000 கிலோமீட்டர். 8.8 கோடி ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு நாலரை சென்டிமீட்டர் வருகிறது. நம் விரல் நகம் வளரும் வேகம் இது. நடுவில் இந்தியா இதைப்போல மூன்று மடங்குக்கு மேலான வேகத்தில் வடக்கே ஓடிய காலமும் உண்டு. ஆசியாவில் போய் மோதியதும் மெதுவாகிவிட்டது.

எரிமலை வாய் எங்கே என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. ஃபூஜி மலைபோலக் கூம்பும் உச்சியில் குழியும் தேட வேண்டாம். நிலம் கிழியும் இடத்தில் குழம்பு நீளப் பிளவுகள் வழியாகவே பெரும்பாலும் வெளிவரும். அப்படியே ஏதாவது மேடு இருந்திருந்தாலும் எட்டரைக் கோடி வருஷ மழையும் அலையும் விட்டு வைத்திருக்காது. மறுபடி வெடிக்குமா என்றால், வெடிக்காது. அந்தச் சூட்டுக்குக் காரணமாகச் சொல்லப்படும் வெப்பப் புள்ளி, அதாவது பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலே எழும் இடம், நம்மோடு கூட வரவில்லை. நிலம்தான் அதை விட்டு நகர்ந்து வந்தது. அது இன்று தென் இந்தியப் பெருங்கடலில், தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவுக்குக் கீழே இருக்கிறது. அங்கே எரிமலை இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. மேரீஸ், மேரியன் என்ற பெயர்ப் பொருத்தம் வெறும் தற்செயல். மேரியன் என்பது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மாலுமி ஒருவரின் பெயர்.

மேரீஸ் என்ற பெயர் போர்ச்சுகீசியர் வழி வந்தது. வாஸ்கோ ட காமா கேரளத்துக்குப் போகும் வழியில் இங்கே இறங்கினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் கரையேறி, அந்த ஊர் மன்னர் சாமூதிரியோடு சரிப்பட்டு வராமல், ஊர் திரும்பும் வழியில்தான் இந்தக் கடலோரத் தீவுக்கு வந்தார். போகிற இடத்திலெல்லாம் சிலுவை வைத்த கல்தூண் ஒன்றை நட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். இங்கே நட்டதற்கு சாந்தா மரியா என்று பெயர் வைத்தார். ஆயிரக்கணக்கான தூண்கள் தானாக முளைத்து நிற்கும் இடத்துக்குக் கப்பலில் ஒரு தூணைச் சுமந்து வந்து நட்டிருக்கிறார் மனிதர். அவர் நட்டது இன்று இல்லை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இந்த வயதெல்லாம் உறைக்க வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்பாக் பாறைமேல் ஏறி உட்காருங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறை. அதுவும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்தான். வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். லால்பாக் பாறை 68 வயதுத் தாத்தா என்றால் மல்பே தீவுக்கு இரண்டு வயது, மடியில் உட்காரும் பேத்தி. மடகாஸ்கரில் ஒத்துப்போகிறது என்று சொன்ன நைஸ், இந்தத் தாத்தாவின் பங்காளி.

தமிழ்நாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. மல்பேயில் குழம்பு ஆறிக்கொண்டிருந்த காலத்தில் அரியலூர் கடலுக்கடியில் இருந்தது. இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும், பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் பொறுக்கலாம்போலக் கிடக்கும் பெலம்னைட், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரிகளின் ஓடுகளும் அந்தக் கிரெட்டேஷியஸ் காலக் கடலின் மிச்சங்கள். கிழக்கே ஏற்கெனவே பிறந்துவிட்ட கடல் உள்ளே ஏறி வந்து அரியலூரை மூழ்கடித்திருந்தது. மேற்கே கடல் பிறப்பதற்கு நிலம் கிழிந்துகொண்டிருந்தது. காரையில் பொறுக்காதீர்கள், சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் பாதுகாக்க வேண்டிய இடம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். அடுத்த முறை இரவுப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகாதீர்கள். பகல் ரயில் கிடைத்தால் அதில் போங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சகலேஷ்பூர் வரை மேடும் பள்ளமுமாகச் சமாளித்து வரும் ரயில், அங்கிருந்து சுப்ரமண்யா ரோடு வரை 55 கிலோமீட்டரில் 57 சுரங்கங்களுக்குள் நுழைந்து நுழைந்து இறங்கும். கரையோரம் இப்படித் திடீரென்று தாழ்ந்து, உள்ளே சுவர்போல மலை நிற்பதே கிழிந்த நிலத்துக்கு அடையாளம். கிழிந்த ஓரம் உயர்ந்து, பிறகு மழையும் ஆறும் அரித்து அரித்து அந்தச் சுவர் உள்ளே தள்ளிப்போயிருக்கிறது. ஆக, சகலேஷ்பூரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலையின் பக்கத்திலிருந்து அந்தக் கிழிசலைப் பார்க்கிறீர்கள், மல்பேயில் படகிறங்கினால் கடலின் பக்கத்திலிருந்து.

படகு மழைக்காலத்தில் ஓடாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மறந்துவிடுங்கள். தூத்துக்குடியில் கச்சான் என்றால் கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. மல்பேயில் அதே மேல்காற்று நேராகக் கடலிலிருந்து முகத்தில் அறையும். அலை தீவின் மேற்குப் பக்கத்தைத்தான் போட்டு உடைக்கிறது. வெடிப்பு ஏற்கெனவே இருப்பதால் தூண்கள் துண்டு துண்டாகக் கழன்று விழுந்து அங்கே குவிந்து கிடக்கின்றன. சிப்பிகள் கொட்டிக்கிடக்கும் கரையும் தீவில் உண்டு. சாதாரண நாளிலும் அந்தப் பக்கப் பாறைகளில் பாசி வழுக்கும். செல்ஃபிக்காக அதன்மேல் ஏறியவர்களைக் காவலர்கள் விசில் ஊதி இறக்குவதை நான் போன தடவையெல்லாம் பார்த்தேன். ஊதுவதில் அர்த்தம் இருக்கிறது, அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

போகும் நேரமும் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். வற்றியிருக்கும் நேரத்தில் போனால், தண்ணீருக்குள் மறைந்திருக்கும் தூண்களின் தலைகள் வெளியே தெரியும். பெங்களூர் நடைபாதையில் பதித்த கல் மாதிரி, கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கடல்தண்ணீர் தேங்கி. எனக்கு அந்தத் தீவிலேயே பிடித்த காட்சி அதுதான். நின்ற தூண்களைவிட இவற்றில் பக்கங்களை எண்ணுவது சுலபம், மச்சானுக்கும் கழுத்து வலிக்காது.

அப்பா அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போகலாம், தீவு பெரும்பாலும் சமதரைதான். சிக்கல் தீவில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. பெரிய படகு கரைவரை போகாமல் நின்றுவிட்டால், நடுக்கடலில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் படகுக்கு மாற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு அடி மலையேறுவது மாதிரி. டிக்கெட் எடுக்கும் முன்பே அன்றைக்கு எப்படி இறக்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் படகில் போனால் கூட்டமும் குறைவு, கடலும் அடங்கியிருக்கும். தொப்பி, குடிதண்ணீர் கையோடு. பிளாஸ்டிக் பையைக் கரையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் துணிப்பை.